கொட்டாஞ்சேனைக்குப் போன காரல்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒன்றில் கறிவேப்பிலை இருக்கும், ஒன்றில் துருவிய தேங்காய்ப்பூ, இன்னொன்றில் கழுவித் துப்பரவாக்கிய இறால். அதனால் என் பன்னிரண்டு மீன்களை ஒளித்து வைக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான். ஆனால் பெட்டியைக் காணவில்லை என்றதும் நான் பாய்ந்து விழுந்தது என் மாமியார்மேல்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறேன். அதோடு சேர்த்துக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். கூர்ப்பு, அதாவது பரிணாமம், பற்றிய ஆய்வு என்று சொன்னால் போதும், கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் உடனே குரங்கைக் கொண்டு வந்து விடுவார். 'அப்ப இப்ப இருக்கிற குரங்குகள் ஏன் மனிசராகேல்லை?' இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. எனக்கும் குரங்குக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. என் சீவியம் முழுக்கக் காரல் மீனோடுதான்.

காரலைத் தெரியாத கொழும்புத் தமிழர் குறைவு. உள்ளங்கைக்குள் அடங்கும், இலைபோல மெல்லிசு, வெள்ளி நிறம், மேலெல்லாம் வழுவழுப்பு, வாய் நிறைய முள். சொதிக்கு அதைப்போல ருசி வேறொன்றுக்கும் வராது. பேலியகொடைச் சந்தையில் அதைக் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். விடிய நான்கு மணிக்கு நான் அந்தக் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். அங்கே எனக்குப் பழக்கமான சிங்கள வியாபாரி ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் அலுத்துக்கொள்வார். "மிஸ், என்ன பாக்கிறது? காரல்லா எண்டா காரல்லாதான்."

அவருக்கு அப்படி. காரலுக்கு அப்படியில்லை. அந்த மீனின் தொண்டையைச் சுற்றி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் குடியிருக்கும் பற்றீரியாக்கள் ஒளி தருகின்றன. ஆண் மீன்களின் உடம்பில் வெள்ளிப் பூச்சு விட்டுப்போன ஒரு திட்டு, கண்ணாடி ஜன்னல் மாதிரி, இருக்கும். உள்ளே இருக்கும் வெளிச்சம் அதனூடாக வெளியே தெரியும். ஒரு வகைக்கு ஜன்னல் முக்கோணம். இன்னொரு வகைக்கு நீளமான கோடு. இருண்ட தண்ணீரில் பெண் மீன் தனக்குப் பழகிய ஜன்னலைத் தேடிப் போகிறது என்பதுதான் எங்கள் ஊகம். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தன் ஜன்னல்காரனிடமே போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் ஒன்று இரண்டாகிவிடும். பகலில் சந்தைக் குவியலில் எல்லாம் ஒரே வெள்ளி, ஒரே விலை. கடலுக்குள் அவை ஒன்றையொன்று திரும்பியும் பார்ப்பதில்லை.

இதை நிரூபிக்க எனக்கு மூன்று வருடம் போனது. அந்த மூன்று வருடத்தில் ஒரேயொரு காலையில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரே வள்ளத்தில், ஒரே வலையில் வந்த குவியலுக்குள் ஆறு ஆண் மீன்கள் வழக்கமான முக்கோண ஜன்னலோடும், ஆறு நான் அதுவரை காணாத கோட்டு ஜன்னலோடும் கிடைத்தன. ஒரே இடத்தில் ஒன்றாகத் திரிந்தும் கலக்காமல் இருக்கும் இரண்டு வகைகள். வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் கிழமைக்கு ஒருமுறை போனேன். கோட்டு ஜன்னல்காரன் ஒருவனும் மறுபடி வரவில்லை.

மீன்களிலிருந்து சின்னச் சதைத் துண்டுகள் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன். மார்கழி மாதம் முடிவு வந்தது. இரண்டும் வேறு வேறுதான். துள்ளிக் குதித்துக்கொண்டு என் மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "உடல்கள் இருக்குத்தானே?" உடல் இல்லாத முடிவை யாரும் நம்பமாட்டார்கள். நாளைக்கு இன்னொருவர் வந்து அந்த ஜன்னலை எனக்குக் காட்டு என்றால் காட்ட வேண்டும். மாதக் கடைசியில் பன்னிரண்டு உடல்களையும் பரிசோதகர்கள் முன் வைக்க வேண்டும் என்று முடிவானது.

உடல்கள் என் வீட்டில் இருக்கின்றன என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த பெரிய ஃப்ரீசர் திருத்த வேலைக்குப் போயிருந்தது. மற்றவர்களின் ஃப்ரீசர்களில் ஓர் அங்குலம்கூட இடமில்லை. அதனால்தான் ஐஸ்கிறீம் பெட்டி. மாமிக்கும் சொல்லவில்லை. கலியாணமான புதிதில் ஸ்பிரிட்டில் ஊறிய நண்டுப் போத்தல் ஒன்றை வினாகிரிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மாமி அதைத் திறந்து மணந்தும் பார்த்துவிட்டார். அன்றைக்கு எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்தது, என் படிப்புச் சாமான் எதுவும் குசினிக்குள் வராது என்று. பதினொரு வருடம் அதைக் காப்பாற்றியிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது குசினி முழுக்க மஞ்சள் தண்ணீர் மணம். பிரிட்ஜின் தட்டுகளெல்லாம் கழுவி வெளியே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாள் திருவெம்பாவை தொடங்குகிறது. பத்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. மச்சச் சட்டிகள் கட்டிப் பரணில் ஏறிவிடும். பிரிட்ஜில் இருக்கும் மீன், இறைச்சி எல்லாம் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடும்.

இது மாமிக்கும் அவருடைய பழைய சிநேகிதிக்கும் இடையிலான நாற்பது வருட வழக்கம். இருவரும் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். சிநேகிதி கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனையில் மாடி வீடொன்றில் தனியே இருக்கிறார். நான் அவரைக் கொட்டாஞ்சேனை அன்ரி என்பேன். மாமியின் விரதங்களுக்கு முன் எங்கள் வீட்டு மச்சம் அங்கே போகும். அன்ரியின் தபசு காலத்துக்கு முன் அவருடைய கோழியும் ஆட்டிறைச்சியும் இங்கே வரும். இரண்டு ஃப்ரீசர்களும் வருடம் முழுக்க இப்படி இடம் மாறி இடம் மாறி வாழ்கின்றன. இந்த வழக்கத்தை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமி, அடியில ஒரு ஐஸ்கிறீம் பெட்டி இருந்ததே?"

"அதுவும் மச்சமெல்லே. எல்லாத்தையும் ஐஸ் போட்டுக் கட்டிக் காலமையே ஓட்டோவில குடுத்துவிட்டிட்டன்."

எனக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. பிறகு வாய் திறந்தது. அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்? அதுக்குள்ள இருந்த பன்ரண்டு காரலும் என்ர மூண்டு வருசம், மாமி! உங்கட விரதத்துக்கு என்ர படிப்பைப் பலி குடுத்துப்போட்டு நிக்கிறியள்!"

மாமி கையிலிருந்த துணியை மெதுவாகப் பிழிந்தார். "நீர் எனக்குச் சொல்லேல்லையே, பிள்ளை."

"சொன்னா வைக்க விட்டிருப்பியளோ?"

அவர் தொலைபேசியை எடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. "இண்டைக்குச் செவ்வாய். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருப்பாள்," என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், தனக்குத்தானே சொல்வதுபோல, "அவள் காரல் எண்டால் விடமாட்டாளே," என்றார்.

அதைக் கேட்டதும் நான் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் இறங்கிவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பின்னேர நெரிசலில் ஓட்டோவில் போவது எப்படியென்று போனவர்களுக்குத் தெரியும். நத்தார் வியாபாரம் வேறு. கொம்பனித்தெருவில் ஒரு கால் மணி நேரம் நகரவேயில்லை. நான் முதலில் மாமியைத் திட்டினேன், பிறகு திருவெம்பாவையைத் திட்டினேன், பிறகு ஃப்ரீசர் திருத்துகிறவரைத் திட்டினேன். கோட்டை தாண்டியபோது திட்ட ஆளில்லாமல் போய்விட்டது. மீதியிருந்தது நான்தான். ஆறு கோட்டு ஜன்னல்காரர்களும் தேங்காய்ப்பாலில் மிதப்பது கண்ணுக்குள் வந்து வந்து போனது. சொதியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பரிசோதகர்கள் முன் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். முள் மிஞ்சினாலும் முள்ளில் ஜன்னல் இருக்காதே.

அன்ரியின் மாடிப்படியில் ஏறும்போதே மீன்சொதி மணத்தது. கதவைத் தட்டினேன். அன்ரி சங்கிலியை எடுக்காமல் இடுக்கால் பார்த்தார். வழக்கமாக என்னைக் கண்டால் கன்னத்தைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டிப்போகிறவர்.

"தனியவா வந்தீங்க?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். யோசித்து யோசித்துத்தான் சங்கிலியை எடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொல்லாமல் நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்தேன். யாருடைய வீட்டிலும் செய்யக்கூடாத வேலை அது. உள்ளே தடித்த பாரைத் துண்டுகள். காரல் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்ரி, மாமி அனுப்பினதில ஒரு ஐஸ்கிறீம் பெட்டி..."

அவர் முகம் இறுகியது. கழுத்திலிருந்த செபமாலையைக் கையால் பிடித்தார்.

"அப்ப அது உங்கட வேலதானா, மகள்? யாருக்கு வச்சது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். மற்றச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டிருந்தார். நடுவில் என் பெட்டி மட்டும், மேலே அந்தோனியார் படத்தோடு, தனியாக இருந்தது. மூடியெல்லாம் தீர்த்தத் துளிகள் உறைந்து முத்து முத்தாக நின்றன.

அன்ரி கண்டதைச் சொல்லச் சொல்ல நான் அதை அவருடைய கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டு மீன். ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் சுற்றியது. ஒவ்வொன்றின் வாயாலும் செவுளாலும் கோத்துக் கட்டிய சிவப்பு நூல். நூலின் நுனியில் ஒரு துண்டுத் தாள், அதில் பென்சிலால் ஏதோ எழுத்தும் இலக்கமும். ஒவ்வொரு மீனின் வலது பக்கத்திலும் ஒரு சின்னச் சதை வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் துறையில் இதற்கு நல்ல ஒழுங்கு என்று பெயர். கொட்டாஞ்சேனையில் இதற்குச் செய்வினை என்று பெயர்.

"காலைல பெட்டியத் திறந்து பாத்த உடனே தீர்த்தத்தத் தெளிச்சன். நாளைக்கு விடியப் பூசை முடிஞ்சதும் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்க் கடல்ல போடத்தான் இருந்தன். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்."

"அப்ப ஏன் ஃப்ரீசரில வைச்சனீங்கள்?"

"உருகினா அதுக்குக் கண் திறந்துடுமே, மகள்."

மீனை உறைய வைப்பதற்கு இதைவிட உறுதியான காரணத்தை எந்த ஆய்வுகூடத்திலும் நான் கேட்டதில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நிலத்திலேயே இருந்துவிட்டேன். அன்ரிக்கு அது இன்னும் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். தீர்த்தப் போத்தலைக் கையில் எடுத்தார். அதனால் நான் அவசரமாக விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

நூறு மாணவர்களுக்கு முன் நின்று கூர்ப்பு படிப்பித்திருக்கிறேன். அன்றைக்குப்போல உயிரைக் கொடுத்துப் படிப்பித்ததில்லை. மையால் எழுதினால் ஈரத்தில் ஓடிவிடும், அதனால்தான் பென்சில் என்றேன். இலக்கம் என்னவென்று கேட்டார். "ஞானஸ்நானப் புத்தகத்தில இருக்கிற மாதிரி, அன்ரி. எது எந்த மீன் எண்டு பிறகு தேடுறதுக்கு." சதை வெட்டினது ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுப்பது மாதிரி என்றேன். இடது பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும், ஆனபடியால் எப்போதும் வலது பக்கத்தில்தான் வெட்டுவோம். சிவப்பு நூலில் மட்டும் அவர் விடவில்லை.

"வெள்ள நூல் இல்லயா உலகத்தில?"

"மாமியின்ர தையல் பெட்டியில சிவப்பு மட்டும்தான் இருந்தது, அன்ரி."

அவர் ஒரு கணம் யோசித்தார். "அவகிட்ட எப்பவும் அப்படித்தான். வெள்ளையெல்லாம் முடிச்சுட்டுப் புதுசு வாங்கமாட்டா," என்றார். அந்த இடத்தில்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். பற்றீரியாவாலும் மரபணுவாலும் வராத நம்பிக்கை.

பிறகு அவரே கேட்டார், இந்தச் சின்ன மீனில் அப்படி என்ன இருக்கிறது என்று. பெட்டியைத் திறந்து, உருகுவதற்குள் இரண்டே இரண்டை எடுத்துத் துணியை விலக்கினேன். குசினி விளக்கை அணைத்துவிட்டுப் போனின் டோர்ச்சைப் பின்னால் பிடித்தேன். உறைந்த மீனில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆனாலும் ஒன்றில் மங்கலாக முக்கோணம் தெரிந்தது, மற்றதில் கோடு.

"இவனுக்கு ஜன்னல் வேற," என்றார் அன்ரி, நான் சொல்ல முன்னமே.

"ஓம் அன்ரி. என்ர மூண்டு வருசமும் இதுதான்."

ஒரே வலையில் வந்தும் இவை ஒன்றோடொன்று சேர்வதில்லை என்றும், அப்படியே விலகி விலகிப் போய்த்தான் இரண்டாகின்றன என்றும் சொன்னேன். அன்ரி கையை நாடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருடைய கணவர் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், காலமாகிப் பல வருடம். "ஜன்னலப் பாத்துத்தான் கட்டும் எண்டா, நாங்க ரெண்டு பேரும் கட்டியிருக்கமாட்டம்," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் நெஞ்சிலிருந்த கல்லும் இறங்கியது. மீன்களைச் சுற்றித் திரும்ப வைத்தேன். ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டையும் தொட்டு எண்ணினேன். அப்படியொரு நிம்மதி எனக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

அன்ரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்கு முன்னால் இருந்து, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"காலையிலிருந்து எனக்கு ஒரே யோசனை, மகள். அந்த வீட்டில வேற யார் இத வைக்கிறது? நீங்கதான் எண்டு நினச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்க. ஆனா கணக்கு வரல்ல. மருமகளைப் பத்தி உங்கட மாமி என்கிட்ட ஒருநாளும் ஒரு கொற சொன்னதில்ல. பதினொரு வருசத்தில ஒரு சொல்லு இல்ல. படிக்கிற பிள்ள, அவளக் கரைச்சல் படுத்தக்கூடாது எண்டுதான் சொல்லுவா. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பிள்ள ஏன் செய்வினை வைக்கணும் எண்டு எனக்கு விளங்கவேயில்ல."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு முன் நான் மாமியைப் பார்த்துச் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பன்னிரண்டு மீனுக்கும் நான் துணி சுற்றி நூல் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு சொல், 'மாமி, இதை இங்கே வைக்கட்டுமா' என்ற ஒரு சொல், அவருக்கு வைக்கவில்லை.

அன்ரியின் தொலைபேசியிலேயே வீட்டுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே மாமி எடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

"இருக்கோ?"

"இருக்கு, மாமி."

"பன்ரண்டுமோ?"

"பன்ரண்டும் இருக்கு. ஒண்டும் உருகேல்லை." பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "மாமி, நான் பிழை விட்டிட்டன். உங்களிட்டச் சொல்லாமல் வைச்சதும் பிழை, அப்பிடிக் கத்தினதும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மாமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. விரதம் முடியும்வரை பெட்டி இங்கேயே, அன்ரியிடம் இருக்கட்டும் என்றேன். அதுவும் மறுபேச்சில்லாமல் சரியானது. பிறகு அவர் பேசினார்.

"நீர் போனதிலயிருந்து நான் சாமியறையிலதான் இருக்கிறன், பிள்ளை. பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. நாளைக்கு விரதம் எண்டு வீடு முழுக்கக் கழுவிப்போட்டு, பிள்ளையாருக்கு முன்னால இருந்து காரல், காரல், காரல் எண்டு மச்சத்தின்ர பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்."